இடப்பக்கம்

அடுக்களை மூலையில் கிடந்த பாயில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துப் போட்டுக்கொண்டாள் செல்வலட்சுமி.

வாசலில் இருந்த பெண்களுக்கு அப்பாடா என்றிருந்தது. புருஷன் செத்ததிலிருந்து ஒரு பொட்டுக் கண்ணீர் விடாதவள். இப்போதாவது அழுது தீர்க்கட்டும் என்று குரலைத் தணித்துக்கொண்டார்கள்.

முந்தானைக்குள் அவள் வாக்மேன் பொத்தானை அமுக்கினாள்.

எழவு வீட்டில் பாட்டு கேட்டால் ஊர் என்ன பேசும் என்று அவளுக்குத் தெரியாதா என்ன. தெரிந்துதான் கேட்டாள். அவளுக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும். அந்த மூன்றாவது பாட்டில் ஒரு பெண் பாடுகிறாளா, இல்லையா?

பாடுகிறாள் என்று அடித்துச் சொன்னவர் அவள் புருஷன் முனியராஜ். நாரணாபுரம் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் அறை வெடித்தபோது அவர் உள்ளே இருந்தார்.

வாக்மேன் தப்பித்துவிட்டது. பேட்டரி போட்ட சாமான் எதையும் கம்பெனி கேட் தாண்டி விடமாட்டார்கள். காலையில் அதைத் துணியில் சுற்றி அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்துவிட்டுத்தான் போவார். அன்றைக்கும் வைத்திருந்தார்.

சென்னையில் 'மூணாவது மாடி' என்று ஒரு பாட்டுக் குழு, நாலு பையன்கள். முதல் கேசட்டிலிருந்தே அவர்கள் மேல் முனியராஜுக்குப் பித்து. எந்தக் கேசட் கம்பெனியும் சீந்தாததால் அவர்களே பாடி, அவர்களே பதிந்து, தபாலில் அனுப்புவார்கள். லேபிள் இல்லாத பாட்டு என்பார் முனியராஜ். லேபிள் இல்லாத வெடி என்றால் போலீசுக்குப் பயந்து ஒளித்து வைப்பார்கள். இந்த மனுஷன் லேபிள் இல்லாத பாட்டைத் தெருவெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். ஒருத்தரும் காது கொடுக்கவில்லை.

காது கொடுத்தவள் பெண்டாட்டி மட்டும்.

இருந்தது ஒரே இயர்போன். கல்யாணத்தன்று அவருக்கு இடப்பக்கம் உட்கார வைத்தார்கள். அதன்பிறகு இருக்கன்குடி கோயிலுக்குப் போகும் பஸ்ஸானாலும் சரி, இந்தப் பாயானாலும் சரி, அவள் இருப்பு அந்தப் பக்கம்தான். அதனால் இயர்போனின் இடது முனை அவளுக்கு, வலது முனை அவருக்கு.

கேட்டு முடித்ததும் சண்டை ஆரம்பமாகும். "அந்தப் புல்லாங்குழல் எப்பிடி?" என்பார். எந்தப் புல்லாங்குழல் என்பாள். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று சிரிப்பார். வருஷா வருஷம் தீபாவளி முடிந்து கம்பெனி பூட்டிக் கிடக்கையில், அந்த வருஷத்துக் கேசட்டுகளில் எது முதல் என்று தீர்ப்பு வேறு.

இந்தத் தடவை வைகாசியிலேயே தீர்ப்பு வந்துவிட்டது. 'குடை வேண்டாம்' என்ற கேசட். மூன்றாவது பாட்டு முடிந்ததும் வாக்மேனை நிறுத்தினார்.

"இந்த வருசத்துக்கு இதான். இனி எவன் பாடுனாலும் ரெண்டாவதுதான். அந்தப் பொம்பள கொரலு ஒண்ணு போதும்."

"பொம்பளையா? எவ பாடுறா?"

"பாடுறா புள்ள. நல்லாக் கேளு."

நன்றாகத்தான் கேட்டாள். டொக் டொக் என்று தாளம், கூட ஒரு கிடார், அவ்வளவுதான். தன்னைச் சீண்டுவதற்காக அளக்கிறார் என்று நினைத்தாள். அவரோ இல்லாத அந்தப் பெண்ணின் மெட்டை முனகிக்கொண்டே குளித்தார், முனகிக்கொண்டே சாப்பிட்டார். கடைசிக் காலையில் தூக்குவாளியை நீட்டியபோதும் முனகல் நிற்கவில்லை.

"வாயத் தொறந்தாப் பொய்யி. ஒங்க காதுக்குள்ள ஒருத்தி குடியிருக்கால்ல, நாளையிலருந்து அவளையே சோறு கட்டித் தரச் சொல்லுங்க."

விளையாட்டாக ஆரம்பித்தது கடுப்பில் முடிந்தது. அவர் முனகுவதை நிறுத்தினார். சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

பொய் சொன்னவரைப் பொய் சொல்கிறீர்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தால் பரவாயில்லை. நிஜம் சொன்னவரை அப்படி அனுப்பியிருந்தால்? அதைத்தான் அவள் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

மூன்றாவது பாட்டு வந்தது. டொக் டொக். கிடார். முடிந்தது. பின்னால் ஓடவிட்டு மறுபடி கேட்டாள். டொக் டொக். கிடார். பெண் இல்லை. இல்லை என்று தெரிந்தும் நிம்மதியாக இல்லை, கோபமும் வரவில்லை. மனசு மரத்துப்போய்க் கிடந்தது. மறுபடி ஓடவிட்டாள்.

வலது முனை பக்கத்தில் பாயின்மேல் கிடந்தது. அதை எடுத்து மாட்டிக்கொள்ள அவளுக்குத் தோன்றவே இல்லை. அது அவருடையது.

"கஞ்சியாச்சும் குடி தாயி," என்று சொம்போடு வந்தாள் முனியராஜின் அக்கா சண்முகத்தாய். முந்தானைக்குள்ளிருந்து வெளியே நீண்ட ஒயரைப் பார்த்துவிட்டாள்.

"அடிப் பாவி! எந் தம்பிக்குக் காரியங்கூட முடியல, ஒனக்குப் பாட்டு கேக்குதோ?"

குத்தவைத்து உட்கார்ந்து, பாயில் கிடந்த முனையை வெடுக்கென்று எடுத்துத் தன் காதில் வைத்தாள். அடுத்த ஏச்சுக்குத் திறந்த வாய் அப்படியே நின்றது. சொம்பைத் தரையில் வைத்தாள்.

"யாருடி இந்தப் பொம்பள? இம்புட்டு உருக்கமாப் பாடுறா?"

செல்வலட்சுமி திரும்பிப் பார்த்தாள். அவள் காதில் தாளமும் கிடாரும் மட்டும் போய்க்கொண்டிருந்தன.

கையை நீட்டினாள். சண்முகத்தாய் அந்த முனையைக் காதிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

பாயில் நகர்ந்து, முனியராஜ் உட்காரும் வலப்பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவருடைய வலது முனையைக் காதில் வைத்தாள். வெகுநேரம் வைத்திருந்தாள். அப்புறம்தான் அழுகை வந்தது.

"ஏங்க," என்றாள், காலியாகக் கிடந்த இடப்பக்கம் திரும்பி. "பாடுறா."