போர்நகரத்துப் பெட்டிக்கடை

இணையத்தில் நடக்கும் ஒரு துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் பெட்டிக்கடைக்காரராக நிற்பதுதான் பொன்னையாவின் வேலை. பொம்மைகளைச் சுட்டு அலுத்துப்போனவர்களுக்காக, அந்த நகரம் முழுவதும் நிஜ ஆட்களை நிறுத்தியிருந்தார்கள். நாகர்கோவில் வீட்டிலிருந்தே மெய்நிகர்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அவர் ஒரு நாளைக்கு நாற்பது தடவை சாவார்.

அன்று கடைமுன் வந்த வீரனின் குரல் அவரை உலுக்கியது. மூன்று வருடமாகப் பேசாத மகன் ஜெபராஜ்.

"லே மக்கா, நான் ஒனக்க அப்பாதாம்ல!"

விளையாட்டின் கதையில் இல்லாத பேச்சை இயந்திரம் மாற்றிவிடும். "தண்ணீர் வேண்டுமா, வீரரே?" என்று யாருடைய குரலிலோதான் அது அவனை எட்டியது.

ஜெபராஜ் கூட்டாளியிடம் சொன்னான். "இந்தக் கெழவன் நிக்கத பாருல. எனக்க அப்பாவப் போலயே இருக்கு."

"அப்பம் விட்டிரு, பாவம்."

"அதுக்குத்தான் விடமாட்டேன்."

சுட்டான்.

பொன்னையா கண்ணாடியைக் கழற்றவில்லை. மகனின் காலடிச் சத்தம் தேய்ந்து மறையும்வரை கேட்டுக்கொண்டு கிடந்தார். பிறகு மேற்பார்வை பார்க்கும் பெண்ணை அழைத்தார்.

"அம்மா, இப்பம் சுட்டுட்டுப் போனான்லா, அந்தப் பையன் போற தெருவுல எனக்கு வேற கடை ஏதாவது கெடைக்குமா?"