ஆறிய புண்

அம்மா காலைத் தூக்கி நாற்காலியின் மேல் வைத்தாள்.

முப்பது பேர் எட்டிப் பார்த்தார்கள்.

மகள் மட்டும் பார்க்கவில்லை. அந்தப் பாதத்தை அவளுக்குத் தெரியும். இரண்டு மாதம் முன்பு சுண்டுவிரலுக்குக் கீழே ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குக் குழி இருந்தது. சுற்றிலும் சீழ். கட்டைப் பிரித்தால் நாற்றம் சமையலறை வரை வரும்.

“கழிவு வெளியேறுதுங்க. நல்லதுதான்” என்றார் அப்போது ஹீலர் கதிரேசன்.

ஊசி குத்தமாட்டார். மணிக்கட்டில் ஒரு புள்ளி. அதன் மேல் அவருடைய ஆட்காட்டி விரல். அரை நிமிடம். அவருடைய அக்குபங்சர் அவ்வளவுதான்.

மாத்திரையெல்லாம் உடம்புக்குள் சேரும் குப்பை என்றார்.

அம்மா அன்றே சர்க்கரை மாத்திரையை நிறுத்தினாள்.

இன்று ஹீலரின் மாடியறையில் அனுபவப் பகிர்வு. மாதத்தின் கடைசி ஞாயிறு, குணமானவர்கள் எழுந்து பேச வேண்டும்.

“காலை எடுத்துருவாங்கன்னு அழுதவளுங்க நானு. ஒத்தை மாத்திரை தொடலீங்க. இப்பப் பாருங்க, புதுத்தோலு!”

“அப்ப இந்தத் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்துறலாமுங்க்கா” என்றார் பின்வரிசையில் ஒருவர்.

சிரிப்பு. கைதட்டல்.

புதுத்தோல் இளஞ்சிவப்பாக மினுமினுத்தது. யாரோ அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஹீலர் எழுந்தார்.

“எல்லாருக்கும் இதே விரலைத்தானுங்க வெக்கறேன். ஒருத்தருக்குக் கேக்குது, ஒருத்தருக்குக் கேக்கறதில்ல. ஏன்? பசிச்சாத்தான் சாப்பிடோணும். ஒம்பது மணிக்குப் படுக்கோணும். காப்பி ஆகாது. எல்லாத்துக்கும் மேல, நம்போணும். இந்தம்மா நம்புனாங்க.”

அவர் சொல்லாத காரணம் ஒன்று இருந்தது. அது மகளுக்கு மட்டும்தான் தெரியும்.

ஐந்நூறு மில்லிகிராம். காலையும் இரவும்.

டாக்டரின் பழைய சீட்டில் இருந்த அதே மாத்திரைகள். இரண்டு கரண்டிகளுக்கு நடுவே வைத்து நசுக்கினாள். சர்க்கரைக்கானதைப் பாகற்காய்ப் பொரியலில் கலந்தாள். புண்ணுக்கானது கேப்சூல். அதைப் பிரித்து வெந்தயக் கஞ்சியில் கொட்டினாள்.

“கசப்புத்தான் ஒடம்புக்கு நல்லது” என்று அம்மா ஒவ்வொரு வேளையும் தட்டை வழித்தாள்.

அவள் ஒவ்வொரு வேளையும் சோப்புப் போட்டுக் கை கழுவினாள். விரலிடுக்கில் அந்த மருந்து வாடை போகவில்லை. பெற்றவளுக்குத் திருட்டுத்தனமாகச் சோறு போடும் கை.

கால் தப்பியது. அது போதும் என்றிருந்தாள்.

முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஏழு வயதுச் சிறுமி. கழுத்தெலும்பு துருத்தி நின்றது.

“எம்புள்ளைக்கு மூணு வருசமா இன்சுலினுங்க. தெனமும் நாலு ஊசி. குத்தறதுக்கு வவுத்துல எடமில்லீங்க. நிறுத்திரலாமுங்களா?”

ஹீலர் இரு கைகளையும் விரித்தார்.

“நான் நிறுத்துன்னு சொல்ல மாட்டனுங்க. நிறுத்துனவங்க நிக்கறாங்களே, அவங்களைக் கேளுங்க.”

எவ்வளவு சுத்தமாகக் கழன்றுகொண்டார்.

அம்மா செருப்பில்லாமல் நடந்து போனாள். நொண்டாமல் நடந்தாள். சிறுமியின் தலையில் கை வைத்தாள்.

“பயப்படாத அம்மிணி. இன்னைக்கே நிறுத்திரு. எம்பொண்ணை வேண்ணாக் கேளு. சயின்ஸ் படிச்சவ. கூடவே இருந்து பாத்தவ.”

எல்லா முகங்களும் அவள் பக்கம் திரும்பின.

வகுப்பில் வருகைப் பதிவுக்குக்கூட அவள் குரல் வெளியே வந்ததில்லை.

அம்மாவின் உடம்பில் கொஞ்சமாவது இன்சுலின் சுரக்கிறது. இந்தக் குழந்தைக்குச் சுரப்பதே இல்லை. ஊசி நின்றால் சில நாள்தான்.

தலையாட்டினால் போதும், வீடு இருந்தபடி இருக்கும். வாயைத் திறந்தால் அம்மா இனி அவள் கையால் ஒரு வாய் வாங்க மாட்டாள். மாத்திரையும் நிற்கும். குழி மறுபடி விழும்.

சிறுமி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடுகள் வறண்டிருந்தன.

“ஊசிய நிறுத்தாதீங்க்கா.”

அவளுக்கே கேட்காத குரல். ஆனால் அறை முழுவதும் கேட்டது.

“பாத்தீங்களா?” என்றார் ஹீலர் சிரித்தபடி. “வீட்டுக்குள்ளயே நம்பிக்கை இல்லாத ஆளு.”

அம்மாவின் முகத்தில் பெருமை இன்னும் கலையவில்லை.

“ஏன் கண்ணு அப்படிச் சொல்ற?”

அவள் சொன்னாள். எல்லோர் முன்பும். கரண்டி, பொரியல், கஞ்சி, எத்தனை நாள் என்பது வரை.

நடுவிலேயே அந்தப் பெண், “ஊசிக்கு நேரமாச்சு” என்று சிறுமியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிவிட்டாள்.

பேருந்தில் அம்மா வேறு இருக்கையில் உட்கார்ந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் நேராகச் சமையலறைக்குப் போனாள். கழுவிக் கவிழ்த்திருந்த கஞ்சிப் பாத்திரத்தை எடுத்து முகர்ந்தாள். முகத்தைச் சுளித்தாள். சாம்பல் போட்டு இரண்டு முறை தேய்த்தாள்.

பிறகு தன் ஒருத்திக்கு மட்டும் அரிசி களைந்தாள்.