விபத்து நடக்காத முனை

"விசில எங்கயாச்சும் பாத்தியா?" என்று கேட்டபடி மேசை இழுப்பறையைத் தலைகீழாகக் கவிழ்த்தார் என் கணவர்.

பார்த்தேன். துணி துவைக்கிற மெஷினுக்குள், ஈரப் போர்வைக்கு அடியில், நான்தான் போட்டு வைத்திருந்தேன்.

"வச்ச எடத்துல தேடாம என்னக் கேட்டா?" என்றேன்.

ரிட்டையர் ஆனவர்கள் பேப்பர் படிப்பார்கள், காலாற நடந்துவிட்டு வருவார்கள். இவர் தினமும் காலையில் எங்கள் தெருமுனை நாற்சந்தியில் போய் நிற்கிறார். யாரும் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவில்லை. லாரியை மறிப்பார், பள்ளிப் பிள்ளைகளை அந்தப் பக்கம் கொண்டுபோய் விடுவார், ஹாரன் அடிப்பவனை முறைப்பார். எல்லாம் அந்த வீங்கிய முழங்காலோடு.

இனியும் நின்றால் கால் போய்விடும் என்று டாக்டர் சொல்லியாயிற்று. சிக்னல் வந்தால்தான் மனிதர் வீட்டில் உட்காருவார். நாங்கள் மனு கொடுக்காத அலுவலகம் இல்லை.

ஒவ்வொரு முறையும் அதிகாரிகள் வந்து பார்ப்பார்கள். இவர் நடுவில் நிற்பார். வண்டிகள் ஒழுங்காகப் போகும். இத்தனை வருஷமாக விபத்தே நடக்காத இடத்துக்கு எதற்குச் சிக்னல் என்று கேட்டுவிட்டு அவர்கள் போய்விடுவார்கள்.

இன்றும் வருகிறார்கள். இதுதான் கடைசி முறையாம்.

இவருக்கு அது உறைக்கவே இல்லை. விசில் கிடைக்காமல், சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு, வெறுங்கையோடு நொண்டி நொண்டி ஓடினார்.

நான் ஜன்னலோரம் போய் நின்றேன்.

யாருக்கும் உயிர் போக வேண்டாம். ஒரு மோதல், ஒரு அலறல், அதிகாரிகளின் கண்ணெதிரே. அது போதும் எனக்கு.

இப்படியும் ஒருத்தி வேண்டிக்கொள்வாளா என்று என் மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் காதைத் தீட்டிக்கொண்டுதான் நின்றேன்.

பள்ளிக்கூட நேரம் வந்தது, போனது. அதிகாரிகளின் ஜீப்பும் வந்தது, போனது. இவர் தொண்டை கிழியக் கத்துவது மட்டும் கேட்டது.

வியர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்தார். முகத்தில் அப்படியொரு பெருமை.

"இன்னிக்கும் ஒருத்தருக்கும் ஒரு கீறல்கூட இல்ல."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

பதறிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். அதே முனையில் அடிபட்டுச் செத்த எங்கள் மகளை நினைத்து அழுகிறேன் என்று எண்ணிக்கொண்டார். அவளைப் பற்றி ஏதோ சொல்லி என் தலையைத் தடவிக் கொடுத்தார்.

நானும் ஆமாம் என்று தலையாட்டினேன்.