மூணு கால் பெட்டி

"எங்க மண்ண அளக்கணும்னா, மொதல்ல எங்களத் தாண்டிப் போயி அளந்துக்குங்க" என்று சொல்லிவிட்டு, முக்காலியில் நின்ற பெட்டிக்கு நேர் எதிரே சப்பணம் போட்டு உட்கார்ந்தாள் லூசியம்மாள். அவளுக்குப் பின்னால் மிக்கேல்நத்தத்துப் பெண்கள் முப்பது பேரும் உட்கார்ந்துவிட்டார்கள்.

டைரக்டருக்குத் தலை சுற்றியது. அது அளக்கிற பெட்டியே இல்லை, சினிமா கேமரா. இடிந்து கிடக்கும் சாமியார் மடத்தில் இரண்டு நாள் ஷூட்டிங் நடத்த மெட்ராஸிலிருந்து வந்திருந்தார் மனுஷன்.

எந்தக் காலத்திலோ வெள்ளைக்காரச் சாமியார்கள் கட்டிய மடம் அது. கூரை போய் வளைவுகளும் சுவர்களும்தான் மிச்சம், பின்னால் ஊர்க் கல்லறை. நெய்வேலி நிலக்கரிச் சுரங்கம் கம்மாபுரம் பக்கம் நகர நகர, மடம், கல்லறை, நாற்பது வீடு எல்லாமே போகப்போகிறது என்று பேச்சு. ஊரைக் கேட்டுக்கொண்டா பேசுகிறார்கள்?

அளக்க மூன்று தடவை ஆட்கள் வந்தார்கள். மூன்று தடவையும் இந்தப் பெண்கள்தான் விரட்டினார்கள். கடைசித் தடவை பெட்டியும் முக்காலியும் குட்டைக்குள் போய்விட்டன. இத்தனை நடந்தும் வெளியே ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. எழுதிப் போட்ட மனுவுக்குப் பதிலில்லை, பேப்பர்க்காரன் ஒருத்தனும் எட்டிப் பார்க்கவில்லை. லூசியம்மாளுக்கு அந்த வயிற்றெரிச்சல் நிறைய உண்டு.

வேடிக்கை பார்க்கச் சுரங்க வேலைக்காரர்கள் குடியிருக்கும் டவுன்ஷிப்பிலிருந்தும் சனம் வந்திருந்தது. அதில் ஒருவர் சோமசுந்தரம். நைட் ஷிஃப்ட் முடிந்து தூங்காமல், மனைவி சந்திரகலாவைச் சைக்கிளில் வைத்து மிதித்து வந்தவர். கதாநாயகியைப் பார்க்க வந்தால் முப்பது முதுகைத்தான் பார்க்க முடிந்தது. எரிச்சலில் முன்னால் போய், சினிமாவுக்கும் சர்வேக்கும் வித்தியாசம் தெரியாத ஜனங்களா என்று வகுப்பெடுக்க ஆரம்பித்தார்.

"நீங்க குவாட்டர்ஸ்காரங்க. ஒங்க வூட்ட எவன் வந்து அளக்கப்போறான்?" என்றாள் லூசியம்மாள், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

சோமசுந்தரம் வாயை மூடிக்கொண்டார். சந்திரகலாவுக்கு உள்ளூர ஒரே சந்தோஷம், வீட்டில் அவளால் செய்ய முடியாத காரியம் அது.

டைரக்டர் கெஞ்சிப் பார்த்தார். லென்ஸைக் காட்டினார், பிலிம் டப்பாவைத் தட்டிக் காட்டினார். காரில் இருந்த கதாநாயகியையே இறக்கிக் கும்பிடு போடச் சொன்னார். அளக்கிறவன் வேஷம் கட்டிக்கொண்டு வந்தாலும் நாங்கள் ஏமாற மாட்டோம் என்று பெண்கள் சொல்லிவிட்டார்கள். கேமரா வேறு வாடகைக்கு எடுத்தது. எவளாவது தள்ளிவிடப்போகிறாள் என்று அசிஸ்டென்ட் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டே நின்றான். நல்லவேளை, ஒருத்தியும் அதன்மேல் விரல்கூட வைக்கவில்லை.

பட்ட காலிலே படும் என்பார்களே, அப்போது பார்த்து இன்னொரு செய்தி வந்தது. துணை நடிகர்களை ஏற்றி வந்த வேன் குறிஞ்சிப்பாடியில் பிரேக் டவுன். ஊர்க்கோயிலைப் பிடுங்க வரும் ஜமீன்தாரை ஊரே திரண்டு மறிக்கிற காட்சிக்கு ஆளில்லை.

டைரக்டர் தலையில் கை வைத்தார். வைத்த கையை மெதுவாக எடுத்தார். எதிரே உட்கார்ந்திருந்த முப்பது பேரையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, கேமராமேன் காதில் போய், "சொல்லாம கொள்ளாம ஓட்டு" என்றார்.

கேமரா கிர்ரென்று ஓடியது. லூசியம்மாள் எழுந்தாள், பெண்களும் எழுந்தார்கள். இரண்டு பேர் ஒரு கறுப்புக் கம்பளியை உதறி விரித்துப் பிடித்தார்கள். 'மிக்கேல்நத்தம் எங்கள் ஊர். கல்லறையைக்கூட விடமாட்டோம்' என்று சுண்ணாம்பில் எழுதியிருந்தது.

"தோ பாரு, எங்கப்பாரு அங்க படுத்திருக்காரு. பக்கத்துல ஆறு வயசுல போன எம் புள்ள. உசுரோட இருக்கறவங்களுக்கு வேற எடம் குடுப்பீங்க, சரி. பொதச்ச புள்ளய நான் எங்க தூக்கிக்கினு போறது?" என்று கேட்டாள் லூசியம்மாள்.

மடத்துச் சுவர்களுக்குள் அந்தக் குரல் சுற்றிச் சுற்றி வந்தது. சோமசுந்தரம் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். பெண்கள் கோஷம் போட்டுக்கொண்டே நடந்து வந்து வளைவுக்குக் கீழே கை கோத்து நின்றார்கள். பிலிம் தீரும்வரை நின்றார்கள்.

டைரக்டருக்குக் கால் தரையில் பாவவில்லை. எத்தனை ஒத்திகை பார்த்தாலும் எந்த நடிகையிடமும் வாங்க முடியாததை, இந்தப் பட்டிக்காட்டுப் பெண்களிடம் நைசாக வாங்கிவிட்டோம் என்று ஒரே பெருமை. கொஞ்ச நேரம் கழித்து மனசாட்சி உறுத்தியது. லூசியம்மாளிடம் போய்க் கை கூப்பினார்.

"மன்னிச்சுக்குங்கம்மா, ஒங்களுக்குத் தெரியாம எல்லாத்தையும் படம் புடிச்சுட்டேன். இது நெசமாவே சினிமாப் பெட்டிதான். இனிமே தமிழ்நாடு பூரா, கொட்டாய் கொட்டாயா ஒங்க ஊர் சண்டையத்தான் பாக்கப் போறாங்க."

லூசியம்மாள் கம்பளியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"சினிமாப் பெட்டின்னு காலையிலயே தெரியும் தம்பி. அதுக்குத்தான் வந்து உக்காந்தோம்."