என்ன வேகம்!

"படமுன்னா இதுதானுங் மச்சான்! என்ன வேகம்!"

நல்லேப்பிள்ளி டீக்கடையில் ஆறுமுகசாமியின் டீ ஆறிக்கொண்டிருந்தது. இந்தியில் ஒரு வார்த்தைகூடத் தெரியாத அவரை, செல்போனில் பார்த்த இந்திக் கொலைப்படம் அப்படி ஆட்டி வைத்திருந்தது.

"குத்துனான், ஓடுனான், போலீஸ் புடிச்சுது. மூச்சு உட நேரமில்லீங்க. அந்த இந்திக்காரங்க பேசற பேச்சே துப்பாக்கி சுட்டாப்ல இருக்குது! நம்மாளுக எடுத்தா, போலீஸ் ஜீப்பை விட்டு எறங்கறதுக்குள்ள ஒரு பாட்டு முடிஞ்சிரும்."

"ரெண்டரை மணி நேரப் படமுன்னு எம்பட பையன் சொன்னானுங்களே?" என்றார் மச்சான் நாச்சிமுத்து.

"அட, எனக்கு ஒரு மணி நேரமாட்டந்தான் இருந்துச்சு. அதானுங்க படம்!"

ஆசை அடங்காமல் வீட்டுக்கு வந்ததும் மகள் யோகப்பிரியாவைக் கூப்பிட்டு, படத்தைப் போட்டுக் காட்டினார்.

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அப்பா, இது டபுள் ஸ்பீடுல ஓடுதுங்க. நாந்தான் அப்படி வெச்சிருந்தேன்" என்றாள்.

ஆறுமுகசாமிக்கு முகம் சுருங்கிவிட்டது. "உனக்கெதுக்கு கண்ணு அத்தனை அவசரம்?"

"கவர்மெண்டு வேலைக்கு எழுதற பி.எஸ்.சி. பரீட்சைக்கு தெனமும் ரெண்டு மணி நேரம் ஆன்லைன் கிளாஸுங்க. செல்லு கையில இருந்தா புள்ள கெட்டுப்போயிருமுன்னு நீங்க ஒரு மணி நேரந்தானுங்களே தர்றீங்க?"