பங்கஜம் டீச்சரின் வண்டி

கோபாலபுரத்தில் பள்ளிக்கூட வாசலுக்குப் பத்தடி முன்னால் பங்கஜம் டீச்சரின் மூன்று சக்கர வண்டி எரிந்துகொண்டிருக்கிறது. சூம்பிய காலோடு கையால் பெடல் சுற்றி வந்தவளுக்காக, பழுதான மோட்டார்களுக்குக் கம்பிச்சுருள் கட்டும் அவள் புருஷன் இசக்கிமுத்து, பழைய லாரி பேட்டரியில் ஓடும்படி மோட்டார் பூட்டிக் கொடுத்து இன்றோடு நாலு நாள். சீட்டுக்கடியில் புகை கிளம்பியதுமே, பின்னாலேயே வந்த இசக்கிமுத்து சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவளை வாரித் தூக்கி எதிர்வீட்டுப் படியில் உட்கார வைத்துவிட்டான். இப்போது தெருவோரம் கட்டட வேலைக்குக் குவித்த மணலை இரண்டு கையாலும் அள்ளி வீசுகிறான். ஒயர் கருகும் நெடியில் தொண்டை கமறுகிறது. ரெக்சின் உருகிச் சொட்டுகிறது. காலை வெயிலில் நீலப் புகை மரக்கிளைகளுக்குள் ஏறிப்போகிறது. ஒருவழியாகத் தீ அடங்க, அவன் வந்து அவள் காலடியில் குந்துகிறான். புடவைக் கரையைத் தொட்டுப் பார்க்கிறான்.

“எங்கயும் தீ பட்டுச்சா? மறைக்காம சொல்லு.”

“எனக்கு ஒண்ணுமில்ல. உங்க மீசைதான் ஒரு பக்கம் பொசுங்கிட்டு.”

“இந்தச் சனியன் இனி வேண்டாம். நானே சைக்கிள்ல வச்சுக் கூட்டிட்டு வாரேன்.”

நாலு நாளாகக் கை வலிக்காமல், யார் தள்ளவும் காத்திராமல், காற்று முகத்தில் அடிக்க வந்தவள் அவள். “எதனால பிடிச்சுது?” என்கிறாள்.

“ஃபியூஸ் போடாம விட்டுட்டேன்.”

“அப்ப போட்டுக் குடுங்க. திங்கக்கிழமை எனக்கு வண்டி வேணும்.” முந்தானையால் அவன் கன்னத்துக் கரியைத் துடைக்கிறாள். உள்ளே மணி அடிக்கிறது. கேட் கம்பிகளுக்கிடையே பிள்ளைகளின் முகங்கள். வெட்கத்தோடு சிரித்தபடி இரண்டு கைகளையும் அவனிடம் நீட்டுகிறாள். “இன்னைக்கு மட்டும் தூக்கிட்டுப் போங்க.”