வெடிக்காத குழி

“சாப்டியாம்மா?” என்று கணவன் போனில் கேட்டதும் அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

கம்பெனித் தையல் மிஷினிலிருந்து காலை எடுத்தாள். பாதி தைத்த தலையணை உறை ஊசியிலேயே தொங்கியது.

அவன் அப்படிக் கேட்கிற ஆளே இல்லை. அவனுக்குப் பேச்சென்றால் கத்தல்தான். காலையில்கூடச் செருப்பைக் காணோமென்று வீட்டை இரண்டாக்கிவிட்டுத்தான் கிளம்பினான்.

“கால் வலி எப்படியிருக்கு? தைலம் தடவினியா?”

கல் குவாரியில் பாறைக்கு வெடி வைப்பது அவன் வேலை. எப்போதாவது மருந்து அடைத்த குழி ஒன்று வெடிக்காமல் முரண்டு பிடிக்கும். எல்லோரும் எட்டப் போய் உட்கார்ந்து காத்திருப்பார்கள். பிறகு ஒருவன் மட்டும் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். அந்த ஒருவன் இவன்தான்.

அப்படிக் காத்திருக்கும்போதுதான் அவனுக்குப் பெண்டாட்டி ஞாபகம் வரும்.

முதல் தடவை அவன் கொஞ்சியபோது விவரம் தெரியாமல் பூரித்துப்போய், பக்கத்து மிஷின்காரியிடமெல்லாம் பீற்றிக்கொண்டாள். சாயங்காலம் அவனுடைய கூட்டாளி வந்து விஷயத்தைச் சொன்னபோதுதான் அவளுக்குப் புரிந்தது.

இன்றும் ஏதோ குழி வெடிக்கவில்லை போல.

கேட்கக் கூடாது. கேட்டால் அவன் மனசு கலங்கும், கை தடுமாறும். பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பேசுகிறவரைக்கும் அவன் எட்டத்தான் உட்கார்ந்திருப்பான்.

வாயில் வந்ததையெல்லாம் பேசினாள். தம்பி குழந்தைக்குப் பல் முளைத்ததைச் சொன்னாள். மேல்வீட்டுக்காரி புருஷனை வாசலிலேயே நிற்க வைத்ததைச் சொன்னாள். அவன் வாய்விட்டுச் சிரித்தான். கல்யாணமான புதிதில் கேட்ட சிரிப்பு. கண்ணைத் துடைத்துக்கொண்டே அவளும் சிரித்தாள்.

“சரிம்மா, வைக்கட்டுமா?”

அதற்குமேல் அவளால் முடியவில்லை.

“போகாதீங்க! வேற யாரையாவது போகச் சொல்லுங்க. எத்தனை குழி வெடிக்கல?”

“குழியா? இன்னிக்குக் குழி போடற மிஷினே ரிப்பேர்டி. சும்மா மரத்தடியில உக்காந்திருக்கேன். உங்கிட்டப் பேசணும்போல இருந்துச்சு.”

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு ஆரம்பித்தாள். அவன் பரம்பரையையே இழுத்து வைத்துத் திட்டினாள். அறையிலிருந்த மிஷின்களெல்லாம் ஒவ்வொன்றாக நின்றன. பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.



மூச்சு வாங்க அவள் நிறுத்தியபோது, “ம், சொல்லு” என்றான்.